நாவல்பழப் பட்டும் நடக்காத ஷூவும்

மச்சான்,

இன்று காலை ஒரு காலி அட்டைப்பெட்டியை நம் கடைப் பரணில் ஏற்றப் போனேன். நீ அங்கே வைத்துவிட்டுப் போன ஷூ என் தலைமேல் விழுந்தது. முதல் ஷூ விழுந்தபோது ஆரணிக் கோட்டையே பெயர்ந்து என் உச்சந்தலையில் குடியேறிவிட்டது என்றுதான் நினைத்தேன். என்னவென்று நிமிர்ந்து பார்த்தேன். அதற்காகவே காத்திருந்ததைப் போல இரண்டாவது ஷூ மூக்கின்மேல் இறங்கியது. செத்தும் உன் குறி தப்பவில்லை.

சத்தம் கேட்டு உன் தங்கச்சி பின்கட்டிலிருந்து காபியோடு வந்தாள்.

"இன்னா உருண்டுது?"

"உங்க அண்ணன் என்ன ஷூவால அடிச்சிட்டாரு."

"எங்க அண்ணன் காரணமில்லாம அடிக்காது," என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் ஒரு வழக்கிலாவது எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்ததுண்டா, நீயே சொல்.

ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த அட்டைப்பெட்டி ரிங் லைட் வந்த பெட்டி. என் மகள், உன் அருமை மருமகள், இப்போது புடவைகளைப் போனில் காட்டி விற்கிறாள். முகத்துக்கு எதிரே வட்டமாக எரிகிற ஒரு விளக்கை வாங்கி வந்து கடை நடுவில் நிறுத்தியிருக்கிறாள். அதன் முன்னால் நின்றால் நான்கூடச் சிவப்பாகத் தெரிகிறேன். கடைக்குள் புது விளக்கு வந்த சேதி உனக்கு எட்டிவிட்டது. ஷூவைத் தள்ளிவிட்டாய். வேறு எப்படி யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

ஷூவை மடியில் வைத்துத் துடைத்தேன். கறுப்புத் தோல். அடிப்பாகத்தில் ஒரு மண் துகள் இல்லை. பிறந்ததிலிருந்து ஓர் அடிகூட நடக்காத ஷூ. அந்த ரப்பர் வாசனை பட்டு வாசனையோடு கலந்து மூக்கில் ஏறியதும் நம் சாம்ராஜ்யத்தின் இருண்ட காலம் அப்படியே கண்முன் வந்துவிட்டது.

சாம்ராஜ்யம் என்றால் சும்மா இல்லை. கிழக்கே மருந்துக்கடை, மேற்கே டீக்கடை, இரண்டுக்கும் நடுவே கையை நீட்டினால் முடிந்துவிடும் தேசம். ஒரே சிம்மாசனத்தில் இரண்டு மன்னர்கள். எதிரெதிரே நடந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். உனக்குத் தொப்பை வந்த பிறகு நான் அலமாரிக்குள்ளேயே நிற்க வேண்டியதாயிற்று.

இப்போதெல்லாம் கோட்டுப் போட்ட ஒருவர் போனில் வந்து, தொழிலில் ஜெயிக்க மைண்ட்செட் வேண்டும் என்று அரைமணி நேரம் கையை ஆட்டுகிறார். உன் மருமகள் தினமும் எனக்கு அனுப்புகிறாள். பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. அவர் கோட்டைக் கழற்றி, ஒரு முண்டா பனியனை மாட்டி, வாயில் வெற்றிலையை வைத்தால் அது நீதான். என்ன, நீ அரைமணி நேரம் பேசமாட்டாய். "கடை காலியா இருக்கலாம் மாப்ள, மூஞ்சி காலியா இருக்கக் கூடாது." அவ்வளவுதான். ஆடி மாதம் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோதும், அந்த ஈக்களுக்கே பட்டு விற்றுவிடுகிறவன்போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

வாங்காமல் போகிறவர்களை நீ வாசல்வரை வந்து வழியனுப்புவாய். வாங்கியவர்களுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு. ஒருநாள் நான் பொறுக்காமல் கேட்டேன்: "புடவை எல்லாத்தையும் கலைச்சிப் போட்டுட்டு வெறுங்கையோட போவுது அந்தம்மா. அதுக்கு இன்னாத்துக்கு மச்சான் இந்த மரியாத?"

"வாங்கினவங்க கையில நம்ம புடவ இருக்குது, அது அவங்கள திருப்பி இட்டாரும். வாங்காதவங்களுக்கு நம்ம மூஞ்சிய விட்டா வேற இன்னா இருக்குது?"

இதையெல்லாம்விட என் உயிரை வாங்கியது உன் வெயில் பைத்தியம். எந்தப் புடவையானாலும் பில் போடுவதற்கு முன் தெருவுக்கு எடுத்துப் போய், ஒரு முனையை நீயும் மறுமுனையை நானும் பிடித்து, வெயிலில் விரித்துக் காட்ட வேண்டும். மழை நாளில்கூட, "செத்த இருங்கம்மா, மேகம் விலகட்டும்" என்று வந்தவர்களை உட்கார வைத்தவன் நீ. உலகத்திலேயே சூரியனைச் சம்பளமில்லாத வேலைக்காரனாக வைத்திருந்த ஒரே கடை நம்முடையதுதான்.

அப்போதுதான் எதிரே அந்தக் கண்ணாடி மாளிகை எழும்பியது. ஏசி, மாடிக்கு மாடி லிஃப்ட், வாசலில் குனிந்து வணக்கம் சொல்ல ஒரு ஆள். உள்ளே எரிந்த விளக்குகளில் விமானம் இறங்கலாம். நம் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிய கூட்டம், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தது. நீ என்னடாவென்றால், "கூட்டம் நம்ம தெருவுக்குத்தான வந்துகினு இருக்குது, சந்தோஷப்படு" என்றாய். சந்தோஷப்பட்டுப் பட்டு எனக்கு வயிற்றில் புண் வந்ததுதான் மிச்சம். கடைசியில் இருவருமாகப் போய் மஞ்சள் ஸ்பாட் லைட் வாங்கி வந்து மாட்டினோம். அதன் கீழே வைத்தால் கரித்துணிகூடக் கல்யாணப் பட்டாகத் தெரிந்தது. அப்போதும் நீ வெயிலை விடவில்லை.

விளக்கு வந்தும் கூட்டம் வரவில்லை. பெங்களூரில் இருந்த என் சித்தப்பா மகன், ஒரு பெரிய துணிக்கடையில் மேற்பார்வை வேலை இருப்பதாகச் சொன்னான். ஒரே நிபந்தனை, ஷூ போட்டிருக்க வேண்டும். நான் போய் ஷூ வாங்கி வந்து, நம் கடையின் நடுவில் உன் கண்ணெதிரே வைத்தேன். நீ அழுவாய், காலைப் பிடிப்பாய், 'நீயில்லாமல் இந்தத் தேசத்தை யார் ஆள்வது' என்று கதறுவாய் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். காலைப் பிடித்தாய், அதுவரை சரி. ஷூவை என் காலில் மாட்டி, முன்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாய்.

"இறுக்குதா மாப்ள? இப்பவே சொல்லிடு, மாத்திக்கலாம்."

அப்புறம் நீயே சொன்னாய்: "கலசப்பாக்கத்துலருந்து ஒரு கல்யாண பார்ட்டி வரேன்னு சொல்லிக்கீறாங்க. அவங்க எடுத்தா இங்கியே இரு. எடுக்கலன்னா நானே உன்ன பஸ் ஏத்தி உடறேன்."

கைகுலுக்கினோம். இரண்டு நாடுகளின் உடன்படிக்கை அது.

வந்தார்கள். இரண்டு வேன். பெண்கள், பெண்களின் பெண்கள், இவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியாத சில பெண்கள். நம் கடை பிதுங்கி, பாதிப் பேர் டீக்கடையில் உட்கார்ந்து நம் புடவையைப் பார்த்தார்கள். தலைமை தாங்கி வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. அந்த அம்மா தலையசைத்தால் ஊரே தலையசைத்தது. முதல்நாள் சாயங்காலம்தான் சேவூர்த் தறியிலிருந்து ஒரு புடவை வந்திருந்தது. நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை ஒரு நிறமாக நெய்தது. ஸ்பாட் லைட்டின் கீழே நாவல்பழத்தை அப்போதுதான் மரத்திலிருந்து பறித்து விரித்ததுபோல இருந்தது. கல்யாணப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்து, "அத்த, இது நல்லாக்குது" என்றாள். அத்தை தலையசைத்தார். ஊர் தலையசைத்தது. "முகூர்த்தத்துக்கு இதையே வெச்சிடுங்க. மத்ததுங்களையும் இங்கியே எடுத்துடலாம்" என்றார். என் கண்ணில் பெங்களூர் பஸ் ஆளில்லாமல் புறப்பட்டுப் போனது.

நீ எழுந்தாய்.

"வாங்கம்மா, வெயில்ல ஒருவாட்டி பாத்துடலாம்."

நான் உன் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். கையில் ஷூ இருந்திருந்தால் போட்டுக்கொண்டு மிதித்திருப்பேன். நீ அசையவில்லை. தெருவுக்குப் போய் முந்தியை நீ பிடித்தாய். தலையெழுத்தே என்று மறுமுனையை நான் பிடித்தேன். போளூர் பஸ் ஒன்று புடவைக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "யோவ், நடுரோட்டுலயே தாலி கட்டிக்கப் போறீங்களா? ஜல்தி மடிங்கய்யா" என்றார். பஸ்ஸில் இருந்த ஒரு அம்மா ஜன்னல் வழியாக, "விலை இன்னாங்க?" என்றார்.

அந்த வெயிலில் நாவல்பழம் காணாமல் போனது. காற்றில் புடவை அசைந்தபோது மடிப்புக்கு மடிப்பு கறுப்பு. சுத்தமான கறுப்பு. நமக்கே தெரியாது. நம் மஞ்சள் விளக்கு நம்மையே ஏமாற்றியிருந்தது. முகூர்த்தப் புடவையில் கறுப்பு. மாப்பிள்ளையின் அம்மா முகமும் அதே நிறத்துக்கு மாறியது.

"நல்ல காரியத்துக்கு இத்தயா எடுத்துக் குடுக்கறீங்க?"

"இல்லம்மா, குடுக்கக் கூடாதுன்னுதான் வெளியில இட்டுகினு வந்தேன்," என்றாய் நீ.

அவர் விறுவிறுவென்று தெருவைக் கடந்தார். ஊரும் கடந்தது. நீ வழக்கம்போல வாசல்வரை, இல்லை, தெருவின் பாதிவரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாய். நான் ஷூவைத் தேடி எடுத்து, பெங்களூருக்குக் கட்டி வைத்திருந்த பெட்டிக்குள் சட்டைகளுக்கு நடுவே வைக்கத் தொடங்கினேன். நீ நாவல்பழப் பட்டை மடித்துக்கொண்டே, "பஸ்ஸுல வந்துகினு இருந்த அம்மாவுக்கு விலை சொல்லாம உட்டுட்டோமே" என்று வருத்தப்பட்டாய். மச்சான், அந்த நிமிடம் உன்னைப் புடவையோடு சேர்த்து மடித்து அலமாரியில் வைத்துவிடலாமா என்றுதான் தோன்றியது.

ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்தான் ஆகியிருக்கும். எதிரே கண்ணாடிக் கதவு திறந்து, போன கூட்டம் அப்படியே திரும்பி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா நம் படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"ஒரு புடவய வெயில்ல காட்டுப்பான்னு கேட்டேன். வெளிய எடுத்துகினு போனா அலாரம் அடிக்குமாம். அலாரம் அடிச்சா அடிக்கட்டும், கறுப்பு கீதா இல்லியான்னு தெரிய வாணாமா? ஒரே பேஜாராப் பூட்ச்சி. நீங்க எடுத்துப் போடுங்க. ஒவ்வொண்ணையும் வெயில்ல பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

உன் வியாதி அந்த அம்மாவுக்கும் தொற்றிவிட்டது. அன்று நாம் தெருவில் விரித்த புடவைகளை ஒன்றோடொன்று முடிந்திருந்தால் திருவண்ணாமலையை ஒரு சுற்றுச் சுற்றி மிச்சத்தில் ஒரு ரவிக்கையும் தைத்திருக்கலாம். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு அமைந்தது மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். விளக்கில் சோகை பிடித்ததுபோல இருந்த புடவை, வெயிலில் போனதும் தெருவையே மஞ்சளாக்கியது. சாயங்காலம் என் தோள் இரண்டும் கழன்று தனித்தனியாக வீட்டுக்குப் போயின.

நீ வெற்றி முழக்கம் செய்யவில்லை. என் பெட்டியைத் திறந்தாய். ஷூவை எடுத்தாய். ஸ்டூல் போட்டு ஏறி, பரண் விளிம்பில், மூக்கு வெளியே தெரிகிறமாதிரி வைத்தாய். அதன்பிறகு எத்தனையோ வருடம், வியாபாரம் படுத்த நாளில் நான் பெருமூச்சு விட்டால் போதும், "எடுத்துத் தரட்டுமா மாப்ள? பாலிஷ் கெடாமத்தான் கீது" என்பாய். நான் மூச்சை அடக்கக் கற்றுக்கொண்டது யோகாசனத்தில் அல்ல, உன்னிடம்தான்.

உன்னை எடுத்த அன்று நடந்தது உனக்குத் தெரியாது. சொல்கிறேன். தங்கச்சி வீட்டார் போர்த்த வேண்டிய கோடித் துணியாக ஒரு பட்டு வேட்டி நம் கடையிலிருந்தே எடுத்து வந்தேன். அலமாரியில் பார்த்தபோது பால் மாதிரி இருந்தது. உன் வாசலுக்கு வந்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. மேளம் அடித்துக்கொண்டிருக்கிறது, அத்தனை சனமும் பார்த்துக்கொண்டிருக்கிறது, நான் வேட்டியைப் பிரித்து வெயிலில் தூக்கிப் பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. அது தரையில் தொங்கியது. மடிப்போரம் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது.

ஒரு பெரியவர், "போறவருக்கு இன்னாத்துக்குப்பா கலர் பாத்துகினு கீற? ஆவட்டும்" என்றார்.

அழுதுகொண்டிருந்த உன் தங்கச்சி தலையை நிமிர்த்தி, "மாத்திட்டு வாங்க. எங்க அண்ணன் அந்த வேட்டியக் கட்டிக்காது" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். நான் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தேன். உன் மேல் போர்த்தியது வெயிலில் பார்த்ததுதான், மச்சான். பயப்படாதே.

இன்று ஷூ விழுந்து கொஞ்ச நேரத்தில் உன் மருமகளுக்கு மலேசியாவிலிருந்து ஒரு அம்மா வீடியோ காலில் வந்தார். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ரோஜா நிறத்தில் பட்டு வேண்டும். ரிங் லைட்டில் பார்த்துவிட்டு, "இதே கலர்தானே? அப்படியே அனுப்பிடுங்க" என்றார். நான் மூக்கைத் தடவிக்கொண்டே போனையும் புடவையையும் பிடுங்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தேன். "அப்பா, லைட்டு இங்க கீது, எங்க போறீங்க?" என்று உன் மருமகள் கத்தினாள். ஆனாலும் பின்னாலேயே வந்து மறுமுனையைப் பிடித்தாள். டீக்கடைக்காரர் சிரித்தார். ரோஜா வெயிலில் செங்கல்லாக மாறியது. மலேசிய அம்மா முகத்தைப் போனுக்கு அருகே கொண்டுவந்து பார்த்தார். பிறகு, "வேற மாதிரி இருக்கே. யோசிச்சுச் சொல்றேங்க" என்று போனை வைத்துவிட்டார்.

"போச்சு," என்றாள் உன் மருமகள்.

"போவட்டும். வாசல் வரைக்கும் வழியனுப்பினியா?"

"போன்ல எப்படிப்பா வழியனுப்பறது?"

அணைந்துபோன போனைப் பார்த்துக் கும்பிட்டுக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிரித்தாள், முகம் காலியாக இல்லை.

அந்த அம்மா திரும்பக் கூப்பிடுவாரோ மாட்டாரோ, தெரியாது. நான் ஸ்டூலைப் போட்டு ஏறி ஷூவை மறுபடி பரணில் வைத்தேன். உள்ளே தள்ளி பத்திரமாக வைக்கத்தான் போனேன். அப்புறம் மனதை மாற்றிக்கொண்டு, நீ வைத்ததுபோலவே விளிம்புக்கு இழுத்து, மூக்கை வெளியே நீட்டி வைத்திருக்கிறேன். இன்னும் கொஞ்ச நாளில் உன் மருமகளும் தனியாகக் கடையில் நிற்பாள். அவள் தலை என் தலையைவிட உறுதி, மச்சான், ஷூவுக்குத்தான் அடிபடும். பார்த்து, மெதுவாகத் தள்ளு.