மூன்றாம் அறையின் சுண்ணாம்பு

பெப்ரவரி 11, புதன்

காலையில் பனி. எதிர்க் கடை தெரியவில்லை. கடைப் பூட்டு இறுகிவிட்டது, எண்ணெய் விட வேண்டும். இரண்டு அங்குல ஆணி முடிந்தது. சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசையும் முடிந்தது.

பத்து மணிக்கு அக்கா சுருவிலிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினா. சொல்லாமல் வருகிற ஆள் அல்ல. கதிரை போட்டேன். இருக்கவில்லை.

"கமலன் சுவிஸிலையிருந்து போன் எடுத்தவன் தம்பி. சுதனோடை ஒரே அறையில இருந்தவனாம்."

சுதன் அக்காவின் ஒரே மகன். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. தைப்பொங்கலுக்கு மறுநாள், பத்தொன்பது வயதில், வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். நேவி முகாமாக்கிய பழைய துறைமுகக் கந்தோரில், அந்த அலுவலகக் கட்டடத்தில், வைத்திருப்பதாக அப்போதே கேள்வி. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கமலன் பக்கத்து வீட்டுப் பொடியன். அவனும் பிடிபட்டு, விட்டவுடன் நாட்டைவிட்டுப் போனவன். இவ்வளவு காலமும் வாய் திறக்கவில்லை. இப்போது அந்த ஒல்லாந்தர் காலத்துக் கந்தோரை அரசாங்கம் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. யாரோ வெள்ளைக்காரர் எடுத்துப் போட்ட வீடியோவில் யன்னலைக் கண்டு கமலன் அடையாளம் பிடித்துவிட்டானாம். கடல் பக்கம், மூன்றாம் அறை.

நானே அவனுக்கு எடுத்தேன். அழுதுகொண்டு சொன்னான்.

"பேரை எழுதி, ஒவ்வொரு நாளும் விடிய ஒரு கோடு கீறுவம் அண்ணை. ஆரையும் கூப்பிட்டுக் கொண்டு போனா, மற்றவன் கடைசிக் கோட்டைச் சுத்தி வட்டம் போடுவான். அப்பிடிப் போன ஒருத்தரும் திரும்பி வரேல்லை. சுதனுக்கு நான்தான் போட்டனான். எத்தினையாம் நாள் எண்டு ஞாபகம் இல்லை."

பொங்கலுக்கு மறுநாளிலிருந்து கோடுகளை எண்ணினால் நாள் வரும். நாள் வந்தால் திதி வரும். திதி தெரியாததால் இன்றுவரை சுதனுக்குத் திவசம் இல்லை. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் பொதுவான நாள் என்ரை பிள்ளைக்கு வேண்டாம்" என்பதுதான் அக்காவின் பதில். அதுவும் கொஞ்ச வருடமாகத்தான். அதற்கு முன் அவன் உயிரோடு இருக்கிறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தவ. இப்போது வயது எழுபத்துநாலு.

"நான் கண்ணை மூடினாப் பேந்து ஆர் செய்யிறது? ஒருக்கா என்னை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போ."

போவம் என்றேன். வாசலில் நிற்பவர்களுக்கு என்னைத் தெரியும், போன வருடத் திருத்த வேலைக்குச் சாமான் கொடுத்ததே நான்தான் என்று பெருமையும் அடித்தேன்.

பெப்ரவரி 12, வியாழன்

காற்று இல்லை. சாமான் வைக்கிற கிட்டங்கியை ஒதுக்கும் வேலை. மூலையில் ஏழெட்டுப் பை சுண்ணாம்பு, கட்டிபட்டு. கண்டதும் கை நின்றுவிட்டது.

போன வருடம் கந்தோருக்குப் போனது இந்தச் சுண்ணாம்பு. கிட்டங்கி ஒழுகி நனைந்த சரக்கு. காயவைத்து, உடைத்து, அரித்து, புதுப் பையில் போட்டு, ஒப்பந்தக்காரர் ரமணனின் தலையில் கட்டினேன். அரசாங்க வேலைதானே, யார் பார்க்கப் போகிறார்கள். எல்லா அறைக்கும் இரண்டு பூச்சு.

எல்லா அறைக்கும்.

நேற்று முழுக்கக் கதைத்தும் இது மண்டையில் ஏறவில்லை. சுண்ணாம்பு விற்றவனுக்கு, அது எங்கே பூசப்பட்டது என்று யோசிக்கத் தோன்றவில்லை. விற்றதும் மறந்துவிடுகிற பழக்கம். தெற்கில் கடை வைத்திருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

அக்காவுக்குச் சொல்லவில்லை. மத்தியானம் பாணும் சம்பலும். பாதி நாய்க்கு.

பெப்ரவரி 13, வெள்ளி

வெயில். கந்தோர் வாசல்.

அறிவிப்புப் பலகையின்படி வெளிநாட்டார் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். வெளி மாவட்டத்தார், அடையாள அட்டை. தீவு விலாசம் உள்ளவர்கள்: படிவம், கிராம சேவகர் உறுதிக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி இரண்டு, மூன்று வேலை நாள்.

நயினாதீவுக்குப் போகிற வழியில் ஒரு பஸ் நிறையத் தெற்குச் சனம். ஐஸ்கிறீம் உருக உருக உள்ளே போனார்கள். ஒரு வெள்ளைக்காரச் சோடி பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். நான் வாசலுக்கு வெளியே, அவர்கள் உள்ளே.

காவலில் நின்ற பொடியன் நல்லவன். நான் சிங்களத்தில் கதைத்ததும் கதிரை கொண்டுவந்து போட்டான்.

"முதலாளி, சீமெந்து லொறியோடு வந்தால் இப்போதே விடுவேன். சும்மா ஆளாக வந்தால் படிவம் வேண்டும். என் கையில் இல்லை."

அங்கிருந்து நேரே கிராம சேவகரிடம். நம்முடைய கரம்பொன் ஊர் ஆள்தான். பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வருகையின் நோக்கம் எண்டு ஒரு கட்டம் இருக்கு அண்ணை. என்ன போடுவம்?"

"அக்காவின்ரை மகன்ரை கோடுகளை எண்ண எண்டு போடும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ. படிவம் திரும்பி வராது, உங்களைத் தேடி ஆள்தான் வரும்."

உல்லாசப் பயணம் என்று போட்டார். படிவத்தைச் சுருவிலுக்குக் கொண்டுபோனேன். அக்கா கைநாட்டு வைக்கிற ஆள் அல்ல, வடிவாகக் கையெழுத்து வைப்பா. வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தா.

பெப்ரவரி 18, புதன்

அனுமதி வந்தது. நாளை காலை. குழுவோடு போய்க் குழுவோடு வர வேண்டும். சுவரைத் தொடக்கூடாது, கயிற்றைத் தாண்டக்கூடாது. பல் வலி. கராம்பு எண்ணெய் வைத்தேன்.

இன்றாவது சொல்லியிருக்கலாம். தொலைபேசியை எடுத்து, சாப்பிட்டீங்களோ என்று மட்டும் கேட்டேன்.

பெப்ரவரி 19, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும்.

அக்கா வெள்ளைச் சேலையில் வந்தா. பையை இயந்திரத்துக்குள் விட்டார்கள். கற்பூரம், நெருப்புப்பெட்டி இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு, போகும்போது தரலாம் அம்மா என்று அதே காவல் பொடியன் அரைகுறைத் தமிழில் சொன்னான். அக்கா அவன் முகத்தையே பார்த்தா.

"இவனுக்கும் ஒரு இருவது வயசு இருக்கும், என்ன?"

முதல் அறை: ஒல்லாந்தர் தராசு. இரண்டாம் அறை: நங்கூரம், பழைய படங்கள். வழிகாட்டி சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மிளகு ஏற்றிய கதை சொன்னார். ஒல்லாந்தர் போனதும் நேரே திறப்பு விழாவுக்கு வந்துவிட்டார்.

மூன்றாம் அறை. நடுவில் ஒரு மரப்பெட்டி, சுற்றிக் கயிறு. யன்னலுக்கு வெளியே கடல். நாலு சுவரும் பால் வெள்ளை.

"இஞ்சையோ தம்பி?"

"ஓம் அக்கா."

சுற்றிச் சுற்றிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. நான் யன்னலைப் பார்த்தேன்.

குழு நாலாம் அறைக்கு நகர்ந்தது. அக்கா குனிந்து கயிற்றுக்குக் கீழால் போய்விட்டா. அந்த இடுப்பு அப்படிக் குனியும் என்று எனக்குத் தெரியாது. உள்ளங்கையைச் சுவரில் வைத்து எடுத்தா. கை முழுக்க வெள்ளை. யன்னலடியில், உப்புக்காற்றுப் படுகிற இடத்தில், சாப்பாட்டுக் கோப்பையளவுக்குச் சுண்ணாம்பு வீங்கி நின்றது. அதன் ஓரத்தில் விரலை வைத்தா. பொலபொலவென்று விழுந்தது.

உள்ளே கோடுகள். ஆணியாலோ எதாலோ கீறினது. அருகருகே, நேராக.

"அம்மா, தொடக்கூடாது." வழிகாட்டி ஓடிவந்தார். நான் நடுவில் நின்று, வயது போனவ, தலை சுற்றி விழப் பார்த்தவ என்றேன். கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தோம். கற்பூரத்தைத் திருப்பித் தந்தார்கள்.

ஓட்டோவில் அக்கா மெல்லச் சொன்னா. "ஏழு வரைக்கும் எண்ணினனான். அதுக்கங்காலை சுண்ணாம்பு. பேர் தெரியேல்லை. ஆற்றை பிள்ளையின்ரை கோடோ."

கையைத் துடைக்கவில்லை. மடியில் மல்லாக்க வைத்திருந்தா. அதைப் பார்த்துக்கொண்டு இன்னும் எப்படிச் சொல்லாமல் இருப்பது?

"அக்கா, அந்தச் சுண்ணாம்பு என்ரை கடையிலையிருந்து போனது."

பாலம் தாண்டிவிட்டோம்.

"நல்ல சுண்ணாம்போ?"

"இல்லை. நனைஞ்ச சரக்கு. தெரிஞ்சுதான் குடுத்தனான்."

"அப்ப எப்ப உதிரும்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெப்ரவரி 21, சனி

வாடைக்காற்று. காலை எட்டுக்கு ரமணன் எடுத்தான்.

"அண்ணை, உங்கடை சுண்ணாம்பு வாறவையின்ரை உடுப்பில எல்லாம் ஒட்டுதாம். மேலிடத்தில எனக்குக் கிழி விழுந்தது. திங்கள், செவ்வாய் கந்தோரைப் பூட்டுறம். முழுக்கச் சுரண்டிப் போட்டு, புட்டி வைச்சு மட்டமாக்கி, பெயின்ற்."

"எதாலை சுரண்டப் போறீர்?"

"கம்பிப் பிரஷ். ஏலாத இடத்துக்கு மெஷின்."

சுவர் கடல் முருகைக்கல்லும் பழைய சாந்தும். கம்பி பட்டால் கோடு, பெயர், வட்டம் ஒன்றும் மிஞ்சாது.

"சுரண்டுறதை நான் செய்விக்கிறன். என்ரை சரக்கு, என்ரை பிழை. கூலி வேண்டாம்."

"நீங்கள் சும்மா செய்யிற ஆள் இல்லையே அண்ணை. என்ன விசயம்?"

"மானம்."

"அதை எப்ப வாங்கினனீங்கள்?"

சிரித்தான். நானும் சிரித்தேன். ஒத்துக்கொண்டான். திங்கள் காலை ஆறிலிருந்து பின்னேரம் ஆறு வரை எனக்கு. செவ்வாய் புட்டிக்காரர் வருவார்கள், அதற்கு மேல் ஒரு மணித்தியாலமும் ஏலாது. வேலையாட்களுக்குப் படிவம் இல்லை, கிராம சேவகர் கடிதம் இல்லை, நோக்கம் இல்லை. பெயர், வயது, வேலை, கொண்டுவரும் சாமான். அவ்வளவுதான்.

நாலு சுவரில் எங்கே அவன் பெயர்? கமலனுக்கு எடுத்தேன். யன்னலுக்கு இடப்பக்கமாக இருக்க வேண்டும், இருட்டில் இருந்தனாங்கள், சரியாகத் தெரியாது என்கிறான். பூச முன்னர் ஏற்கெனவே சுரண்டினார்களோ என்று ரமணனிடம் கேட்கப் பயம். கேட்கவில்லை.

அக்காவுக்குச் சொன்னேன்.

"கம்பி வேண்டாம். நான் கூட்டுற தும்புத்தடியாலை மெல்லத் தட்டுறன், நீ எண்ணு. எனக்குக் கண் மங்கல், பிழைச்சுப் போகும்."

வாசலில் கொடுக்க வேண்டிய பட்டியல், இரண்டு பிரதி:

1. நான், 66, மேற்பார்வை. அடிமட்டம், பென்சில்.
2. கடைப் பொன்னையா, 58, ஏணி பிடிக்க. ஏணி, வாளி.
3. சிவபாக்கியம், 74, கூட்டுகிறவர். தும்புத்தடி ஒன்று.