பதினொரு நிமிடம்

7 ஒக்டோபர் 2025, செவ்வாய்

"இந்த நாவல்களில் எல்லோரும் நேரத்தை மிச்சப்படுத்துகிறார்கள். மிச்சப்படுத்திய நேரம் யாரிடம் போய்ச் சேருகிறது?" இன்று கருத்தரங்கில் எல்லோருக்கும் முன்னால் பேராசிரியை என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். என்னைவிட இருபது வயது இளைய ஆய்வு மாணவர்கள் குனிந்து எதையோ குறித்தார்கள். என்னத்தைக் குறித்தார்களோ.

தொழிற்பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டே ஒன்பது வருடமாக இந்த ஆய்வேட்டை எழுதுகிறேன்: இன்றைய அமெரிக்க நாவல்களில் காலமும் வேகமும். ஜனவரி முடிவதற்குள் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகப் பதிவை நீக்கிவிடுவார்கள். வேகத்தைப் பற்றி இவ்வளவு மெதுவாக எழுதுகிற ஆள் சூரிச்சில் வேறு இருக்க முடியாது.

10 ஒக்டோபர், வெள்ளி

மூன்று பக்கம் எழுதி இரண்டரைப் பக்கம் அழித்தேன்.

14 ஒக்டோபர், செவ்வாய்

கூர் நகரத்திலிருந்து சந்திரமதியின் குரல்பதிவு. பதினொரு நிமிடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை. தட்டி எழுத அவளுக்குப் பொறுமை இல்லை. கதைப்பாள், இடையில் கறி கிண்டுவாள், விட்ட இடத்தை மறந்து வேறொன்றைத் தொடங்குவாள். ரயில் ஸ்டாடல்ஹோஃபன் நிலையத்துக்குப் போய்ச்சேர நாலு நிமிடம் இருந்தது. இரண்டு மடங்கு வேகத்தில் போட்டேன். எப்போதும் அப்படித்தான் கேட்கிறேன். மகன் ஜனார்த்தன் நோர்வேக்கு, பேர்கனுக்கு, வந்து தங்களோடு இருக்கச் சொல்கிறானாம். பேத்திக்கு ஆறு மாதம். அதற்குள் இறங்கவேண்டி வந்துவிட்டது. மிச்சத்தைப் பிறகு கேட்கலாம் என்று, "மிக நல்ல விசயம் மதி, சந்தோஷம்" என எழுதி ஒரு கட்டைவிரல் படமும் போட்டேன்.

26 ஒக்டோபர், ஞாயிறு

கோடைகால நேரம் முடிந்தது. மணிக்கூட்டைப் பின்னால் தள்ளியதில் ஒரு மணித்தியாலம் இலவசம். அடிக்குறிப்புகளைச் சரிபார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு யாரோடும் கதைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், காலையிலும் இல்லை.

2 நவம்பர், ஞாயிறு

சந்திரமதியிடமிருந்து ஒன்றுமில்லை. முந்தி ஞாயிறு தவறாமல் வரும். வந்தால், இவ்வளவு நீளமா என்று அலுத்துக்கொள்கிறவள் நான். இப்போது ஃபோனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது ஏன்? வேலையாக இருப்பாள். மூன்றாம் அத்தியாயம் முடியட்டும், எடுத்துக் கதைக்கலாம்.

9 நவம்பர், ஞாயிறு

மூன்றாம் அத்தியாயம் திருத்தத்தோடு திரும்பி வந்தது. அதில் வரும் நாவல், ஓஹாயோவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி கட்டும் பெண்ணின் கதை. பெட்டி ஒன்றுக்கு இத்தனை விநாடி. அவளுடைய தாய் இறப்பது ஒரு வசனத்தின் நடுவில், இரண்டு காற்புள்ளிகளுக்கு இடையில். அடுத்த சொல்லிலேயே அடுத்த பெட்டி வந்துவிடுகிறது. வாசகரை அதிரவைக்கும் உத்தி என்று எழுதியிருந்தேன். பேராசிரியை ஓரத்தில் பென்சிலால்: "உத்தியா? அவள் கவனிக்கவில்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா?"

அரைநாள் கோபமாக இருந்தேன். பிறகு திரும்ப வாசித்தேன். நாற்பது பக்கம் தள்ளித்தான் அந்தப் பெண்ணுக்கே தாய் இல்லையென்பது உறைக்கிறது. அந்தப் பக்கத்தை நான் மேற்கோளாகக்கூடக் காட்டவில்லை.

15 நவம்பர், சனி

தமிழ்க் கடையில் கோபிஷாவைக் கண்டேன். சந்திரமதியின் தமக்கையின் மகள். இங்கே பக்கத்து ஊரான ஊஸ்டரில் வங்கியில் வேலை.

"என்ன அன்ரி, மதிச் சித்தி போறா, நீங்கள் பிரியாவிடைக்கு ஒண்டும் ஒழுங்கு செய்யேல்லையோ?"

"எங்கை போறா?"

முருங்கைக்காயைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தாள். "பேர்கனுக்கு. வாற சனி. வீட்டுக்கும் வேற ஆள் பிடிச்சாச்சு. உங்களைக் கேட்டுத்தான் முடிவெடுக்கப் போறன் எண்டெல்லோ சொன்னவ."

வீட்டுக்கு வந்து, சாமான் பைகளை அப்படியே வைத்துவிட்டு, மதியின் குரல்பதிவைச் சாதாரண வேகத்தில் கேட்டேன். இவ்வளவு ஆறுதலாகக் கதைக்கிறவள் என்பதே மறந்துபோயிருந்தது. ஏழாம் நிமிடத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். ஒன்பதாம் நிமிடம்:

"கலா, எனக்குப் போக விருப்பமோ எண்டு எனக்கே தெரியேல்லை. பிள்ளை பாக்கத்தான் கூப்பிடுறாங்கள், அது விளங்குது. நீ நில் எண்டு சொன்னா நிப்பன். சும்மா சொல்லாதை, யோசிச்சுச் சொல்லு. உன்னை விட்டா இஞ்சை எனக்கு ஆர்?" கரண்டி சட்டியில் தட்டுகிற சத்தம். பிறகு, "சரி, பருப்பு அடிப்பிடிக்குது, வைக்கிறன்."

இதுக்குத்தான் கட்டைவிரல் போட்டனான். என்ன மனுசி நான்? இப்ப ஃபோன் எடுத்து என்னத்தைச் சொல்லுறது —

நாளைக்குப் போறன். சொல்லாமல் போறன்.

16 நவம்பர், ஞாயிறு

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கூரில் மதி மஞ்சள் கையுறையோடு கதவைத் திறந்தாள். "வெறுங்கையோடயோ வந்தனீ? பரவாயில்லை, ஓவனுக்கு ஒரு ஆள் தேவை." வெள்ளிக்கிழமை வீட்டை ஒப்படைக்கிறாள், வீட்டுக்காரர் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பார்களாம். ஞாயிறானதால் தூசி உறிஞ்சியைப் போட முடியாது, சத்தம் என்று கீழ்வீட்டார் முறைப்பாடு செய்வார்கள். எல்லாம் கையால்தான்.

சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னேன், நான் முழுக்கக் கேட்கவில்லை என்று.

"தெரியும். நீ கேக்கத் தொடங்கினது ஏழு நாப்பதுக்கு, பதில் வந்தது ஏழு நாப்பத்துநாலுக்கு. ஃபோனிலை எல்லாம் காட்டுது. என்னதான் வேகமாப் போட்டாலும் பதினொரு நிமிசம் நாலுக்குள்ளை அடங்குமோ?"

"பிறகேன் மதி..."

"ரெண்டு கிழமை பாத்தனான், மிச்சத்தைக் கேட்டிட்டு எடுப்பாய் எண்டு. பிறகு வேலையை விட எழுதிக் குடுத்தன்."

குரலில் கோபம் இல்லை.

"நில்" என்றேன்.

சிரித்தாள். "இப்ப சொல்லு. ரிக்கெற்றும் எடுத்தாச்சு. அவனுக்கும் சொல்லியாச்சு."

ஓவன் தட்டுகளைக் குளியல் தொட்டியில் ஊறவைத்து இரும்புநாரால் தேய்த்தோம். அவள் கதைத்தாள்: வேலையிடம், மருமகள், பேர்கன் மழை. இடையில் நிறுத்தினாள், விட்ட இடத்தை மறந்தாள். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. ஐந்து மணி ரயிலை விட்டேன், ஆறு மணி ரயிலையும்.

ஓவன் முடிந்தது என்று எழும்பினேன். அவள் உள்ளே குனிந்து விரலால் தடவிப் பார்த்து, பின்மூலையில் இன்னும் கிடக்கிறது என்றாள். திரும்பவும் முழங்காலில் இருந்து தேய்த்தேன்.