கூரை இல்லாத வீடு

2014 நவம்பர், புதன் இரவு

கால்சாப் பகுதியில் நான் வீட்டுவேலை செய்யும் எசமானியம்மா, சிஞ்ஞோரா, பிரான்சிலிருந்து திரும்பிவிட்டார். லுவார் ஆற்றோரமாக, உல்லாசப் பயணிகள் எட்டிப்பார்க்காத ஊர்களாகத் தேடிப் போய்வந்தாராம். உடுப்புகளை அயன் பண்ணிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டுப் படங்களைக் காட்டினார். பூட்டிக்கிடக்கும் கடைகள், ஆளில்லாத தெரு, பனிமூட்டத்தில் ஆறு. பிறகு ஒரு கல் வீடு. அதற்குக் கூரையே இல்லை, உள்ளே மரம் வளர்ந்திருந்தது.

"கூரையைக் கழட்டிக்கொண்டு போயிட்டினமோ?" என்று கேட்டுவிட்டேன்.

சிஞ்ஞோரா சிரித்தார். "கூரையை யாராவது கொண்டுபோவார்களா? வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டார்கள். மழையில் அது தானாக விழுந்தது."

சண்டைக்காலத்தில் வன்னியில் நாங்கள் கொண்டுபோனோம். ஒவ்வொரு இடம்பெயர்விலும் என் தம்பி கூரைத் தகரங்களைக் கழற்றித் தர, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். போன இடத்தில் கொட்டில் போட்டோம். ஒவ்வொரு தடவையும் தகரங்கள் குறைந்தன. கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "இப்ப ஏன் அதைக் கதைக்கிறீர்? படுத்து நித்திரை கொள்ளும்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

சிஞ்ஞோராவுக்கு அந்தக் கூரையில்லாத வீட்டுப் படம்தான் பிடித்திருக்கிறது. என்ன அமைதி என்றார். பெரிதாக்கிச் சமையலறையில் மாட்டப்போகிறாராம். நான்தான் தினமும் தூசி தட்டவேண்டும்.

அந்தக் கடைசித் தகரத்தை நாங்கள் கொண்டுவரவில்லை. குழி தோண்ட நேரமிருக்கவில்லை. தம்பியின் மேல் அதைப் போட்டு மூடி, காற்றில் பறக்காதபடி கல் வைத்துவிட்டு நடந்தோம்.