தோள்மேல் ஒரு கை

ஜனவரி 9

அன்புள்ள வெல்டர் ஐயாவுக்கு,

போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். போன வாரம் பணிமனையில் பேருந்திலிருந்து இறங்கும்போது படி வழுக்கிவிட்டது. வலது கை கம்பியை விடவில்லை, உடம்பு மட்டும் கீழே போய்விட்டது. தோள் மூட்டு கழன்று, தசைநார்கள் கிழிந்துவிட்டன. அறுவை சிகிச்சை செய்து தைத்து, கையை மார்போடு கட்டிவிட்டார்கள்; விரல்கள் மட்டும் எழுதும். நம் சின்னவள்தான் எனக்குத் தலை வாரிவிடுகிறாள். வகிடு கோணல்தான், ஆனால் குறை சொன்னால் சீப்பைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள். பதறி ஓடி வர வேண்டாம்.

உங்கள்
ஓட்டுநர் அம்மா

ஜனவரி 24

என் ஓட்டுநர் அம்மாவுக்கு,

படித்த கையோடு மேஸ்திரியிடம் லீவு கேட்டேன். கப்பல் வேலை முடியாமல் விடமாட்டாராம். மே மாதம் எப்படியும் வந்துவிடுவேன். இங்கே ஒருவனுக்கு இதே தோள்தான் கிழிந்தது, இப்போது சிலிண்டரே தூக்குகிறான். பயிற்சியில் மட்டும் டிமிக்கி கொடுக்காதே. அவ்வளவு பெரிய வண்டியைத் திருப்புகிறவளுக்கு ஒரு கையைத் தூக்குவது பெரிய காரியமா?

உன்
வெல்டர்

ஏப்ரல் 20

அன்புள்ள உங்களுக்கு,

நான் டிமிக்கி கொடுக்கவில்லை. தைத்த இடம் கூடிவிட்டது. கைதான் பக்கவாட்டில் எழவில்லை. நேற்று தோள் தசையில் ஊசி குத்திக் கருவியில் பார்த்தார்கள். "தூக்குங்க" என்றார் டாக்டர். தூக்கினேன். "தூக்குங்கம்மா" என்றார் மறுபடியும். தூக்கிக்கொண்டுதான் இருந்தேன். தசை அசைந்தால் இரைய வேண்டிய கருவியில் சத்தமே இல்லை. மூட்டு கழன்றபோது நரம்பும் இழுபட்டுவிட்டதாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்து டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது.

இப்போது என்னை விசாரணை ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். என் வண்டியை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போகிறார். பார்க்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஓட்டுநர் என்று கையெழுத்துப் போட வரவில்லை.

உங்கள் மனைவி

ஜூன் 3

அன்பானவளுக்கு,

லீவு முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ரயில் ஏறும் முன் உன் வலது தோளில் கை வைத்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் தள்ளி இருந்ததில் நான் அந்நியமாகிவிட்டேனா? ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்கிறார் மேஸ்திரி. வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுது, மூட்டையைக் கட்டிவிடுகிறேன்.

உன்
வெல்டர்

ஜூன் 19

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கை வைத்த இடத்தில், வலது தோளுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துக் கிடக்கிறது. அதுவும் அந்த நரம்பின் வேலைதான். நீங்கள் கை தூக்க முடிகிறதா என்று மட்டும்தான் கேட்டீர்கள், அதனால் இதை நான் சொல்லவில்லை. அன்று உங்கள் கை என் மேல் இருந்ததை ரயில் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எடுத்ததையும் கண்ணாடியில்தான் பார்த்தேன். "அங்க உணர்ச்சி இல்லைங்க" என்று அப்போதே சொல்லியிருக்கலாம். உங்கள் முகம் மாறியதைப் பார்த்தபடி நின்றேன். எனக்கு வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். ரயில் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து இடது தோளைத் தொட்டுப் பார்த்தேன். அது நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் நின்று கை வைத்திருந்தால் திரும்பியிருப்பேனா என்று யோசித்தேன். இரண்டு வாரமாக யோசிக்கிறேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு
சின்னவளின் அம்மா