வாளி சிஸ்டரின் முக்காலி

பிப்ரவரி 3, செவ்வாய்

துணி துவைக்கும் அறையில் இன்று மூன்று பெண்கள் முழங்காலில். தொட்டி விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த சோப்பைச் சாவியால் சுரண்டிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்கள். "வாளி சிஸ்டர் கைபட்ட சோப்பும்மா!" கருமம். அந்தத் தொட்டியில் அவள் இருபத்திரண்டு வருஷம் என்ன அலசினாள் என்று இவர்களுக்குத் தெரியுமா? எங்கள் மடத்து ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாத நாற்பது நோயாளிகளின் மலமும் மூத்திரமும். செத்து ஆறு வருஷத்தில் அதெல்லாம் தீர்த்தமாகிவிட்டது.

மருந்தறைக்குத் திரும்பியதும் இரண்டு முறை கை கழுவினேன். நான் எதையும் தொடவில்லை. இருந்தாலும் கழுவினேன்.

பிப்ரவரி 5, வியாழன்

வாளி சிஸ்டருக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கான விசாரணை நம் மடத்திலேயே நடக்குமாம். ஒரு சாமியார் வந்து, அவளோடு இருந்த ஒவ்வொருவரையும் வேதப்புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்லிக் கேட்பாராம். மதர் என்னிடம், "நீங்கதான் அவங்க கூட ரொம்ப வருஷம் இருந்தவங்க. உங்க வார்த்தைக்குத்தான் மதிப்பு" என்றார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அவள் சரித்திரத்தைச் சின்னப் புத்தகமாகப் போட்டிருக்கிறார். பூசை முடிந்ததும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். 'அன்னார் அறைக்குள் நுழைந்தால் ரோஜா மணம் கமழும்.' மணமாம் மணம்! பிளீச்சிங் பவுடரும் பீயும்தான் மணத்தன. அவள் குறட்டை விடுவாள். பூசைப் பாட்டை எல்லோரும் நிறுத்தியபிறகு ஒரு வரி தனியாகப் பாடிவிட்டு, தானே சிரிப்பாள். அதெல்லாம் எங்கே?

பன்னிரண்டாம் பக்கம்: 'தாழ்ச்சியின் பொருட்டு, சகோதரிகளோடு மேசையில் அமராமல், வாசலுக்கு வெளியே முக்காலியில் தனியே உணவருந்தினார்.'

புத்தகத்தை மூடிவிட்டேன். தாழ்ச்சியாம். சீ.

பிப்ரவரி 9, திங்கள்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

மேசையில் அவள் இடம் என் பக்கத்தில். துவைத்துவிட்டு நேரே வருவாள். நான் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்துவிட்டு, "மூணு தடவ கழுவிட்டேன் சிஸ்டர், போக மாட்டேங்குது" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் எனக்கு ஆகாது. ஒரு நாள் மதியம் குமட்டிக்கொண்டு எழுந்து ஓடினேன். அப்போதிருந்த மதரிடம், "இந்த மேசையில ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றேன். மருந்து தெரிந்தவள் மடத்தில் நான் ஒருத்திதான். துணி அலச யாரும் போதும்.

அவளிடம் "மேசையில் இடம் பத்தவில்லை" என்று சொன்னார்கள். அவள் சாகும்வரை, பதினோரு வருஷம், என் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது. வாசல் வழியே அவள் முதுகு தெரியும். உள்ளே யாராவது சிரித்தால் திரும்பிப் பார்ப்பாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இந்தப் பாவத்தை என்னவென்று சொன்னேன்? 'பொறுமைக் குறைவு.' விஷப் புட்டியில் இருமல் மருந்துச் சீட்டை ஒட்டுவதுபோல. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 12, வியாழன்

விசாரணைச் சாமியார் வந்துவிட்டார். சளி. என்னிடமே மருந்து வாங்கிக் குடித்தார்.

பிப்ரவரி 13, வெள்ளி

மதர் மருந்தறைக்கே வந்து கதவைச் சாத்தினார். "பழசையெல்லாம் கிளறாதீங்க சிஸ்டர். புத்தகத்துல இருக்கறதையே சொல்லுங்க, போதும்." ஆக, இவருக்கும் தெரியும்! புனிதர் வேண்டும், அந்த முக்காலி எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. த்தூ. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அதுதான் இன்னும் கேவலம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சமையலம்மா முழங்காலுக்குத் தைலம் கேட்டு வந்தாள். சாமியார் அவளை நேற்றே விசாரித்துவிட்டார்.

"உங்களப் பத்தி ஒண்ணு சொல்லிட்டேன் சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க" என்றாள். முக்காலி விஷயம்தான் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு.

"ஒரு தடவ உங்களுக்கு வயித்தால போய் நெனவே இல்லாம கெடந்தீங்களே, மூணு நாள். விடியறதுக்குள்ள உங்க விரிப்ப உருவி, அலசிப்போட்டு, புதுசு விரிச்சது யாருன்னு நெனைக்கறீங்க? வாளி சிஸ்டர்தான். யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாங்க. 'அவங்களுக்கு நாத்தம்னா ஆகாது. அதனாலதான் என்னை வெளிய உக்கார வெச்சிருக்காங்க. தன்னோட நாத்தம்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க, பாவம்'னாங்க."

நர்ஸ் மாற்றினாள் என்றே இத்தனை நாள் இருந்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்தே மூன்று நாள் — என்னுடையதை — ஐயோ ஆண்டவரே. அவளைப் பார்த்து மூக்கைப் பொத்திய எனக்கு.

பாவம் என்றாளாம். என்னை.

பிப்ரவரி 19, வியாழன்

வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தேன். சொன்னேன். மேசை, காலி நாற்காலி, பதினோரு வருஷம், எல்லாம்.

சாமியார் எழுதுவதை நிறுத்தி, "அவங்க தாழ்ச்சியா விரும்பிப் போய் உக்காரலையா?" என்றார்.

"இல்ல சாமி. நான் துரத்தினேன். போனாங்க."

இருமினார். மறுபடி எழுதினார். முழுவதையும் வாசித்துக் காட்டி, கீழே என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். வெளியே வந்ததும் மதர், "மடத்து மானத்தையே வாங்கிட்டீங்க" என்றார். அதன்பிறகு என்னிடம் பேச்சில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

துணி துவைக்க வரும் அம்மாவுக்குக் கை முறிந்துவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் போனேன். முதல் வாளியிலேயே வாந்தி. அதையும் நானே அலசினேன்.

மார்ச் 3, செவ்வாய்

எட்டு நாளாயிற்று. பக்தி ஒன்றும் பொங்கவில்லை. இடுப்புதான் போகிறது. இப்போதும் நாற்றம் நாற்றம்தான்.

இன்று மதியச் சாப்பாட்டில் எதிரே இருந்த, பூசையில் பாட்டு நடத்தும் சிஸ்டர் தன் தட்டை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "மூணு தடவ கழுவிட்டேன், போக மாட்டேங்குது" என்றேன். வாயிலிருந்து வந்தபிறகுதான் யாருடைய வார்த்தை என்று உறைத்தது. தட்டை எடுத்துக்கொண்டு வெளியே முக்காலிக்குப் போனேன். பக்தர்கள் அதன் ஒரு காலைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், ஒரு பக்கமாகச் சாய்கிறது.

உள்ளே ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தேன். யாராவது "உள்ள வந்து உக்காருங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார்களோ என்று, சோறு ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை.

பதினோரு வருஷம் அவளும் இதற்காகத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.