அம்மாவின் நம்பரிலிருந்து

மார்ச் 3

என் பேத்திக்கு,

உன் அம்மா போன அன்று இருந்தவர்கள் நான், உன் மாமா, கீழ்வீட்டுத் தையல்காரி, மருந்துக்கடைக்காரர், தூக்க வந்த இரண்டு ஆட்கள். அவ்வளவுதான். நீ மூன்றாம் நாள் வந்தாய். அதை நான் மறக்கவில்லை. அவள் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டாயே, எண்ணூறு பேர் அழுத முகம் போட்டார்களாம். அதில் ஒரு முகமாவது என் வாசல்படி ஏறியதா?

கடிதத்துக்குக் காரணம் வேறு. நாலு மாதமாகக் காலையில் அவள் நம்பரிலிருந்து எனக்கு வாட்ஸப் வருகிறது. "அம்மா, எழுந்தாச்சா? மாத்திரை போட்டியா?" உன் மாமாவிடம் சொன்னால், "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்கிறான். அவள் போனை நீதானே எடுத்துக்கொண்டு போனாய்? யாரென்று சொல்.

பாட்டி

மார்ச் 16

அன்புள்ள பாட்டி,

நான்தான். திட்டு.

அந்த எண்ணூறு பேரும் ஒரே வாரத்தில் காணாமல் போனார்கள். லேபில் நாள் முழுக்க நின்றுவிட்டு அறைக்கு வந்தால், மேல்வீட்டில் நாற்காலி நகரும் சத்தம்தான் துணை. யாராவது ஏதாவது எழுதினார்களா என்று சாப்பிடும்போதுகூடப் போனைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அம்மா போனிலிருந்து உனக்கு அனுப்பினேன். "வந்துட்டியாடி தங்கம், சாப்பிட்டியா?" என்று உடனே கேட்டாய். எனக்கு நீ அப்படி எழுதியதே இல்லை பாட்டி. அந்த ஒரு வரிக்காகத்தான் தினமும் அனுப்பினேன்.

தப்புதான். நேற்று அந்த நம்பரை ரத்து செய்துவிட்டேன். இனி வராது. மன்னித்துவிடு.

உன் பேத்தி

மார்ச் 29

அடியே,

நீதான் என்று இரண்டாம் நாளே எனக்குத் தெரியும். உன் அம்மா என் மாத்திரையைப் பற்றி எந்தக் காலத்தில் கேட்டாள்? சண்டை போடத்தான் போன் செய்வாள். தெரிந்துதான் பதில் போட்டேன். பாதி அவளுக்கு, பாதி உனக்கு. உன் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டேன். யாரென்று சொல் என்று எழுதினேன், நிறுத்து என்று எங்கே எழுதினேன்? அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்.

இப்போதும் காலையில் "எழுந்துட்டேன்" என்று அந்த நம்பருக்கு அனுப்புகிறேன். ஒரு டிக் விழுந்து அப்படியே நிற்கிறது.

வராத எண்ணூறு பேரை விட்டுத் தள்ளினேன். புத்தி கெட்டுப்போச்சு என்ற உன் மாமாவையும் விட்டேன். மன்னிக்கவே மாட்டேன் என்றால் அது ஒருத்தியைத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் வாயை அடைத்த உன்னை.