மீசை ஒட்டிய டிரைவரம்மா

ஆகஸ்ட் 3, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். மனைவி ரோஸ்லினுக்கு டயாலிசிஸ் நாள். கம்பெனிக்கு லீவு. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தபடி, "போதுங்க. செவ்வாக்கெழம நான் வரல" என்றாள்.

அவள் பையை என் மடிக்கு மாற்றிக்கொண்டேன்.

வாங்க வேண்டியது: மாத்திரை, குக்கர் ரப்பர், கொசுவத்தி.

ஆகஸ்ட் 4, சனி

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், கம்பெனியில் முதல் ஷிப்ட். மூன்றரைக்கு வீடு. அவள் சோற்றைத் தொடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஒரு டிவிடி கொடுத்தார். "பழைய அமெரிக்கப் படம், முசியே. நல்லா சிரிக்கலாம். தங்கச்சிக்குப் போட்டுக் காட்டுங்க." கறுப்பு வெள்ளை. பேச்சு இங்கிலீஷ், கீழே எழுத்து பிரெஞ்சு. எனக்கு இரண்டுமே அரைகுறை.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

தூறல். சர்ச்சுக்கு, பூசைக்குப் போகவில்லை. படம் போட்டேன்.

தன்னோடு சண்டை போட்டுப் பிரிந்த பணக்காரனிடம், மீசை ஒட்டிக்கொண்டு டிரைவராகச் சேர்கிறாள் ஒருத்தி. பின்சீட்டில் உட்கார்ந்து அவன் அவளைப் பற்றி அவளிடமே புலம்புகிறான். என்ன வேகமான பேச்சு! ஒருவர் முடிக்குமுன் மற்றவர். தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். புரியாத இடத்தில் சொந்தச் சரக்கு.

"படத்துல அவ வாய மூடி எவ்ளோ நேரமாவுது, நீங்க இன்னும் பேசினே இருக்கீங்க" என்றாள் ரோஸ்லின்.

திரையில் டிரைவரம்மாவின் மீசை சூப்பில் விழுந்தது. அவள் கரண்டியால் எடுத்து, உதறி, திரும்ப ஒட்டிக்கொண்டாள். முகத்தில் துளி சிரிப்பில்லை. அதுதான் திறமை. ரோஸ்லின் சிரித்து இருமினாள். எத்தனை வாரமாயிற்று.

பிறகு திடீரென்று, "கூடவே இருக்கா, அவனுக்குத் தெரியலையா? நானும் மூஞ்சி வீங்கி வேற ஆளா ஆயிட்டேன். ஒங்களுக்கு என்னத் தெரியுதா?"

"தெரியுது." அவ்வளவுதான் வந்தது. பாதியில் தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 6, திங்கள்

முதுகு வலி. மேஸ்திரியிடம் நாளைக்கு லீவு கேட்டேன், முறைத்தான். அவள் வருவாளா என்றே தெரியாது.

மாலை மிச்சப் படம். கடைசியில் அந்தப் பணக்காரன் அவள் மீசையைப் பிய்த்துவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னான். படிக்குமுன் கீழே எழுத்து ஓடிவிட்டது. நானாகச் சொன்னேன்: "மொத நாளே தெரியும். சொன்னா நீ போயிடுவ. நீ இல்லாம எனக்கு எங்கியும் போவப் புடிக்கல."

ரோஸ்லின் திரையைப் பார்க்கவில்லை. "இது அவன் சொன்னதா, நீங்க சொன்னதா?"

"நான்தான்."

படம் முடிந்ததும் ரசம் சோறு கேட்டாள். நாலு வாய்.

ஆகஸ்ட் 7, செவ்வாய்

நான் எழுந்தபோது குளித்து முடித்திருந்தாள். ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டயாலிசிஸுக்கு உள்ளே போகுமுன், "இங்கியே ஒக்காந்துனு இருக்காதீங்க. போய் சாப்புடுங்க" என்றாள்.

இட்லி மூன்று. சாம்பார் சூடாக இருந்தது.